புள்ளிக் கடையில் எல்லாம் பழைய பிள்ளைகளிடமே சேர்ந்துவிட்டது. என்ன செய்யலாம்?

அடப்பாறு (தலைஞாயிறு பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கிராமத்தில் நானும் இரண்டு நண்பர்களும் சாயங்கால வகுப்பு நடத்துகிறோம். நாற்பத்தொரு பிள்ளைகள். போன ஜூனில் கைபேசியில் பார்க்கிற மாதிரி ஒரு புள்ளிக் கடை ஆரம்பித்தோம். கதைப் புத்தகம் ஒன்றைப் படித்து நாலு வரி எழுதினால் 10 புள்ளி. வீட்டுப்பாடம் முடித்தால் 5. ஒவ்வொரு பிள்ளைக்கும் திரையில் ஒரு பொம்மையும் ஒரு வீடும் உண்டு. புள்ளியைக் கொடுத்துப் பொம்மைக்குச் சட்டை, சைக்கிள், பாய்மரப் படகு எல்லாம் வாங்கலாம். நிஜப் பொருள் எதுவும் கிடையாது.

முதல் மூன்று மாதம் நன்றாகப் போனது. இப்போது ஆறு பிள்ளைகளிடம் ஆளுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கிறது. கடையில் இருந்த எல்லாவற்றையும் வாங்கி முடித்துவிட்டார்கள். சரி, விலையை ஏற்றலாம் என்று ஏற்றினோம். 150 புள்ளியாக இருந்த படகு இப்போது 900. ஐப்பசியில் சேர்ந்த பிள்ளைகள் கடையைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். போன வாரம் ஒரு பாப்பா, "இது அக்காங்களுக்கு மட்டும் கடையா சார்?" என்று கேட்டாள். அன்றிலிருந்து மனசே சரியில்லை. இணையத்தில் இப்படிக் கடை நடத்தியவர்கள் முன்பு என்ன செய்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மணல்மேட்டுக்காரன்

எல்லோருடைய புள்ளியையும் பூஜ்யமாக்கிவிட்டுத் தை ஒன்றாம் தேதி புதிதாக ஆரம்பியுங்கள். இதுதான் சுலபம்.

அரசலாற்றங்கரை (கும்பகோணம்)

தம்பி, பூஜ்யம் மட்டும் ஆக்கிவிடாதீர்கள். அந்த ஆறு பேரும் படித்துப் படித்துச் சேர்த்தது அது. அழித்தால் அவர்களும் போய்விடுவார்கள், பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்களும் இனி சேர்க்க மாட்டார்கள்.

நான் 2002-லிருந்து 2010 வரை பொற்றாமரைக் குளத்துப் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவன். ஆறு கணினி, மணிக்கு 20 ரூபாய். இந்தப் புள்ளி விவகாரத்தை ரொம்பக் கிட்டத்தில் பார்த்தது அங்கேதான்.

சனிக்கிழமை டியூஷன் முடிந்து ஒரு எட்டாம் வகுப்புப் பையன் வருவான். அவனுக்கு நியோபெட்ஸ்தான். 1999 நவம்பரில் தொடங்கிய தளம் அது. விளையாடினால் நியோபாயிண்ட் கிடைக்கும், அதை வைத்துச் செல்லப்பிராணிக்குத் தீனி, பொம்மை, வண்ணம் மாற்றும் தூரிகை எல்லாம் வாங்கலாம். கடையில் சரக்கு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும், வந்த வேகத்தில் தீரும். பையன் பக்கத்தை மறுபடி மறுபடி புதுப்பித்துக்கொண்டே இருப்பான். அவனிடம் ஒரு ரஃப் நோட்டு. இடது பக்கம் வாங்கிய விலை, வலது பக்கம் மற்ற ஆட்டக்காரர்களுக்கு விற்ற விலை. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு தூரிகையின் பெயர். அதன் விலையை அடித்து அடித்து மேலே புதிதாக எழுதியிருப்பான். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், ஏழு முறை அடித்திருந்தது. வாரம் ஒரு மணி நேரம் விளையாடும் பையன் சேர்க்கிற வேகத்தைவிட, நாள் முழுக்க உட்காரக்கூடியவர்கள் விலையைத் தூக்கும் வேகம் அதிகம். எட்டாவது முறை அவன் எழுதவில்லை. வருவதையும் நிறுத்திவிட்டான்.

இது இன்று நேற்று வந்த சிக்கல் இல்லை. 1986-இல் அமெரிக்காவில் லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் ஹாபிடாட் என்று, பலர் சேர்ந்து ஆடும் கணினி விளையாட்டு உலகம் ஒன்றை உருவாக்கியது. கமடோர் 64 கணினியில், தொலைபேசிக் கம்பி வழியாக நுழைய வேண்டும். சேரும்போது 2,000 டோக்கன், அப்புறம் தினம் நுழைந்தால் 100. சாமான் விற்பது தானியங்கிப் பெட்டிகள். ஒரு பெட்டியில் பொம்மை 75 டோக்கனுக்குக் கிடைத்தது. ஊரின் இன்னொரு கோடியில் இருந்த அடகுப் பெட்டி அதையே 100-க்கு எடுத்துக்கொண்டது. படிகக் கோளம் ஒன்று, வாங்கும் விலை 18,000, விற்கும் விலை 30,000. சிலர் இதைக் கண்டுபிடித்து, முதலில் பொம்மை, கை நிறைந்ததும் கோளம் என்று ராத்திரி பூராவும் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடந்திருக்கிறார்கள். விடிந்து பார்த்தால் அங்கே புழங்கிய மொத்த டோக்கன் ஐந்து மடங்காகியிருந்தது. ஆனால் நடத்தியவர்கள் அதைப் பிடுங்கவில்லை. சேர்த்தவர்கள் அந்தக் காசை வைத்து மற்றவர்களுக்குப் புதையல் வேட்டை நடத்தினார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே இந்தக் கடைசிப் பகுதிதான்.

2003-இல் வந்த கையா ஆன்லைன் என்ற கருத்துப் பரிமாறும் தளத்தில் பேசினாலே தங்கம், அதுதான் அங்கே புள்ளி. ஒரு பதிவு போட்டால் கொஞ்சம் தங்கம், அதை வைத்துத் திரையில் இருக்கும் தன் உருவத்துக்கு உடுப்பு. பல வருஷம் நன்றாக நடந்தது. பிற்பாடு, நிஜப் பணம் கொடுத்து வாங்கினால் கொத்தாகத் தங்கம் கொட்டும் பொருட்களை விட்டார்கள். விலைவாசி எங்கேயோ போய்விட்டது. பதிவு எழுதிச் சேர்க்கிறவனுக்கு ஒரு தொப்பிகூட எட்டவில்லை.

என் கடையிலும் இதே தப்பு நடந்தது. ரோஸ் நிற அட்டை அடித்துக் கொடுத்தேன், மணிக்கு ஒரு முத்திரை, பத்து முத்திரைக்கு ஒரு மணி நேரம் இலவசம். எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்று போடவில்லை, எத்தனை அட்டை வெளியே போயிருக்கிறது என்று கணக்கும் வைக்கவில்லை. அரையாண்டு லீவு விட்ட முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு ஆறு கணினியிலும் ரோஸ் அட்டை. வாசலில் இன்னும் பதினோரு பேர், எல்லோர் கையிலும் அதே அட்டை. காசு கொடுத்து ஹால் டிக்கெட் எடுக்க வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். நாலு நாள் அப்படியே போனது. ஆனாலும் ஒரு அட்டையைக்கூடச் செல்லாது என்று நான் சொல்லவில்லை. முத்திரை குத்தியது நான்.

நம் ஊர்க்காரருக்குப் புரிகிற மாதிரி சொன்னால், உங்களிடம் வாய்க்கால் இருக்கிறது, வடிகால் இல்லை. தினம் 10, 5 என்று தண்ணீர் வயலுக்கு வந்துகொண்டே இருக்கிறது, வெளியே போக வழி கிடையாது. நின்ற தண்ணீரில் சம்பா அழுகுவதைத் தலைஞாயிற்றில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விலையை ஏற்றியது வடிகால் வெட்டியது ஆகாது, வரப்பை உயர்த்தியதுதான். உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது, புதிதாக வருகிறவர்கள் கடைமடையில் நிற்கிறார்கள்.

அடப்பாறு

அண்ணே, வரப்பு என்று சொன்னீர்களே, அதைப் படித்ததும் எங்கே தப்பு என்று பிடிபட்டது. வடிகாலை எப்படி வெட்டுவது? அந்த ஆறு பேருக்கும் செலவு செய்ய மனசு வர வேண்டுமே. சேர்த்து வைப்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை இருக்கிறது.

மன்னார்குடி டீச்சர்

அந்தப் பெருமையைக் கெடுக்க வேண்டாம் தம்பி. இதுவரை சம்பாதித்தது இவ்வளவு, இப்போது கையில் இருப்பது இவ்வளவு என்று இரண்டு எண்ணாகக் காட்டுங்கள். செலவு செய்தாலும் முதல் எண் குறையாது. என் வகுப்பில் நட்சத்திரத்தை இப்படித்தான் எழுதுகிறேன். குறிப்பேட்டில் மொத்தத்தைப் பார்த்த பிறகு பிள்ளைகள் தாராளமாகவே செலவு செய்கிறார்கள்.

இன்னொன்று. நிரல் எழுதுகிறவர்கள் கேள்வி கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில், பதில் வராத கேள்விக்குத் தன் புள்ளியிலிருந்து குறைந்தது 50-ஐப் பரிசாக எடுத்து வைக்கலாம். வைத்தவருக்கு அது திரும்பி வராது. பெரிய பிள்ளைகள் இப்படிச் சின்னப் பிள்ளைகளுக்குப் பரிசு வைக்கலாமே? "இந்தப் புத்தகத்தைப் படித்து என்னிடம் கதை சொல்கிறவருக்கு 30" என்று.

அரசலாற்றங்கரை

டீச்சரம்மா சொன்ன இரண்டு எண் யோசனை அருமை. என் ரோஸ் அட்டையில் அது தோன்றாமல் போனதே.

பரிசு வைப்பதில் ஒன்றைக் கவனியுங்கள் தம்பி. கொடுத்தது அப்படியே இன்னொருவர் கைக்குப் போனால் மொத்தம் குறையாது. 2020 ஜூனில் ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுத் தளம் திறந்த புள்ளிக் கடையில், பிடித்த பதிவுக்கு 300 புள்ளியில் ஒரு பாராட்டு கொடுத்தால் எழுதியவருக்கு 100 போய்ச் சேர்ந்தது. மிச்சம் 200 காணாமல் போனது. அந்த இருநூறுதான் வடிகால். நீங்களும் அப்படி வையுங்கள். கொடுத்த பிள்ளைக்குக் கொடுத்த சந்தோஷம், வாங்கிய பிள்ளைக்குப் புள்ளி, கடைக்கும் ஆரோக்கியம்.

அப்புறம், கரைகிற பொருள் வேண்டும். படகு, சைக்கிள் எல்லாம் வாங்கினால் வாங்கியதுதான், மறுபடி வாங்க வேலையில்லை. இப்போது மார்கழி. பொம்மை வீட்டு வாசலுக்குக் கோலம் வையுங்கள், மூன்று நாளில் அழிந்துவிட வேண்டும். பொங்கலுக்குக் கரும்பு, அதுவும் கனுப் பொங்கலோடு சரி. இவற்றின் விலையை ஏற்றவே கூடாது. நேற்றுச் சேர்ந்த பிள்ளைக்கும் இரண்டு மூன்று புத்தகத்தில் எட்ட வேண்டும்.

படகை மறுபடி 150-க்கே கொண்டுவாருங்கள். யாராவது 900 கொடுத்து வாங்கியிருந்தால் அந்த 750-ஐத் திருப்பிக் கொடுங்கள். மொத்தம் கூடுமே என்று பார்க்காதீர்கள், இந்த இடத்தில் நம்பிக்கைதான் பெரிது. பிடிவாதமாகச் சேர்க்கிறவர்களுக்கு, எல்லோரும் சேர்ந்து வாங்கும் ஒரு பெரிய பொருள் வையுங்கள். ஊருக்கு நடுவே ஒரு பாலமோ நூலகமோ, 8,000 புள்ளி, யார் யார் எவ்வளவு போட்டார்கள் என்று கல்வெட்டு மாதிரி பெயர். நம் பிள்ளைகளுக்குக் கல்வெட்டு என்ன என்று தெரியும்.

என்றைக்காவது கடையை மூட நேர்ந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரெடிட் என்ற விவாதத் தளம் 2023 ஜூலையில் அறிவித்து, பாராட்டுக் கொடுப்பதற்கான நாணயங்களைச் செப்டம்பர் 12-க்குள் செலவழிக்கச் சொன்னது. அதுவரை கொடுத்த பாராட்டுச் சின்னங்களும் போயின. வருத்தப்படாத ஆள் இல்லை. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்கு இருந்த மைக்ரோசாஃப்ட் பாயிண்ட்ஸை 2013-இல் நிறுத்தியபோது, 80 புள்ளி ஒரு டாலர் என்று இருந்ததை நிஜப் பண மதிப்பாகவே மாற்றிக் கணக்கில் வைத்தார்கள். உங்கள் கடையில் பணம் இல்லைதான், பிள்ளையின் உழைப்பு இருக்கிறது. ஆண்டு முடிவில் மூடுவதாக இருந்தால் அவரவர் பொம்மை வீட்டை ஒரு தாளில் அச்செடுத்துக் கையில் கொடுங்கள்.

அடப்பாறு

அண்ணே, டீச்சரம்மா, இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று ராத்திரியே படகை 150 ஆக்கிவிட்டோம். 900 கொடுத்தவர்கள் இரண்டு பேர், திருப்பிக் கொடுத்தாயிற்று. கோலம் 20 புள்ளி, மூன்று நாளில் அழியும்.

இன்று சாயங்காலம் அந்தப் பாப்பாதான் முதலில் வாங்கினாள். அவளிடம் 40 இருந்தது. தன் வாசலில் ஒன்று போட்டுவிட்டு, மிச்சம் 20-ஐ வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் வாசலிலும் ஒன்று போடலாமா என்று கேட்டாள். இன்னொருவர் வாசலில் போடும் வசதி இன்னும் இல்லை. இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், நாளை வகுப்புக்குள் முடித்துவிடுவேன்.