நின்றுபோன காலைப் பேருந்தை மீட்க வழி உண்டா?

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூருக்கு அப்பால், ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள எங்கள் ஊரில் இரவு தங்கி விடியற்காலையில் வேலூருக்குப் புறப்பட்ட நகரப் பேருந்து, 2020 ஊரடங்கின்போது நிறுத்தப்பட்டது, இன்றுவரை திரும்பவில்லை. தேநீர்க்கடைச் சுவரில் ‘காலை 6.10’ என்ற எழுத்து மட்டும் மங்காமல் இருக்கிறது. சாமந்திப் பூ மூட்டையை இப்போது இருசக்கர வண்டியில் கட்டிக்கொண்டு போகிறார்கள். அது மார்க்கெட்டைச் சேர்வதற்குள் விலை இறங்கிவிடுகிறது. ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்காகவே பல குடும்பங்கள் வேலூர் நகரில் சத்துவாச்சாரி பக்கம் வாடகைக்குப் போய்விட்டன, தொடக்கப் பள்ளியிலும் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள்.

கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றினோம், திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் மனு கொடுத்தோம், பணிமனையிலும் நேரில் கேட்டோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டதற்கு ‘வசூல் குறைவு’ என்று பதில் வந்தது. 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்தில், பெரும்பாலும் பெண்களே ஏறும் ஒரு தடத்தை வசூலை வைத்து அளப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. தனியார் சிற்றுந்து நடத்துபவர்களோ, திரும்பும் நடை காலியாக வரும் என்று தயங்குகிறார்கள்.

இப்படி நின்றுபோன நடையை மீண்டும் ஓட வைத்த ஊர்க்காரர்கள் இங்கே இருந்தால், எந்த அலுவலகத்துக்கு எந்த ஆவணங்களுடன் விண்ணப்பித்தபோது காரியம் நடந்தது என்று சொல்ல முடியுமா?