எம்ஜி மிட்ஜெற், இரட்டைக் கார்புரேற்றர்: ஐடிலிங் இறங்குதில்லை, அவசர உதவி

கோண்டாவில்_மகன்:
வணக்கம் அண்ணையாக்கள். அப்பாவின்ர பழைய இங்கிலாந்து ஸ்போட்ஸ் கார். ரெண்டு கார்புரேற்றரையும் கழட்டிக் கழுவி, கிற் போட்டுப் பூட்டினன். ஸ்ராட் வருது, ஆனா ஐடிலிங் ஸ்குறூவை (மிதிக்காமல் ஓடுற வேகத்தைக் குறைக்கிறது) முழுக்க இளக்கினாலும் கத்திக்கொண்டே நிக்குது. முந்தி இப்பிடி இல்லை. ஞாயிறு அக்காவுக்குக் கலியாணம், மாப்பிளை ஊர்வலத்துக்கு இந்தக் கார்தான். கெதியாச் சொல்லுங்கோ.

மானிப்பாய்7:
எந்த எஞ்சின்? 1275 சிசி எண்டால் எஸ்யூ கொம்பனியின்ர எச்எஸ்2 கார்புரேற்றர். 1974இன்ர கடைசியில வந்த 1500 எண்டால் கதையே வேற. எதையெதைக் கழட்டினீங்கள்?

நல்லூர்_பழையகார்:
தம்பி, நீர் முதல்ல எஸ்யூ எப்பிடி வேலை செய்யுதெண்டு படியும். ஜெற்றை (பெற்றோல் வாற குழாய்) உள்ளுக்குள்ள இருக்கிற பாலத்துக்கு மட்டமாக்கி, அறுகோண நட்டில 12 பக்கம், அதாவது ரெண்டு முழுச் சுத்து, கீழ இறக்கும். டாஷ்பொட்டுக்கு (மேல இருக்கிற ஒயில் குழாய்க்கு) 20 ஒயில். இதை இங்க எத்தினை தரம் எழுதியாச்சு.

கோண்டாவில்_மகன்:
1275. எல்லாத்தையும் கழட்டினன்.

தென்மராட்சி:
நல்லூர் அண்ணை, ஜெற் கலவைக்கு. தம்பிக்கு எங்கயோ மேலதிகமாக் காத்துப் பூருது. திறொட்டில் தண்டு (காத்து வழியைத் திறந்து மூடுற தகட்டைத் தாங்கிறது) தேஞ்சிருக்கும். எஞ்சின் ஓடேக்க தண்டின்ர ரெண்டு முனையிலயும் ஒயில் சொட்டு விட்டுப் பாருங்கோ, சத்தம் மாறினா அதுதான்.

வலிகாமம்_றைடர்:
90கள்ல யாழ்ப்பாணப் பொருளாதாரத் தடைக்குள்ள, பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில ஓடின காரோ? அப்பிடியெண்டால் கார்புரேற்றரே போயிருக்கும்.

நல்லூர்_பழையகார்:
பிழையான கதை. எங்கட ஒஸ்ரின் ஏ40 சோமர்செற் கார் மண்ணெண்ணெயிலதான் ஓடினது. கார்புரேற்றருக்கு ஒண்டும் நடக்கேல்லை.

தென்மராட்சி:
சோமர்செற்றுக்கு செனித் கார்புரேற்றர் எல்லோ அண்ணை, எஸ்யூ இல்லையே. மண்ணெண்ணெயில கெட்டது எஞ்சின்தான்: எரியாதது சிலிண்டர் சுவரால வழிஞ்சு எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், பெயறிங் போகும். அந்த நாளில ஸ்ராட் எடுக்க ஒரு மூடி பெற்றோலுக்கு நாங்கள் பட்ட பாடு பெரிசு.

மானிப்பாய்7:
திரும்ப விசயத்துக்கு வருவம். முந்தி இல்லையெண்டு எழுதியிருக்கிறார். ஒரு பின்னேரத்தில தண்டு தேயாது. தம்பி, திறொட்டில் தகட்டையும் கழட்டினீங்களோ?

கோண்டாவில்_மகன்:
ஓம் அண்ணை, தண்டை உருவி எடுத்துத்தான் கழுவினன்.

மானிப்பாய்7:
அப்ப தகடு மையத்தில இல்லை, முழுக்க மூடாது. ரெண்டு ஸ்குறூவையும் இளக்கி, திறொட்டிலைப் பட்டெண்டு மூடி விடுங்கோ. தகடு தானா இடத்தில இருக்கும், அப்பிடியே இறுக்குங்கோ. வெளிச்சத்துக்குப் பிடிச்சா சுத்திவரக் கீற்றுத் தெரியக்கூடாது. ஸ்குறூவின்ர பிளந்த முனையைக் கட்டாயம் விரிச்சு விடுங்கோ. ஒருக்கா விரிச்சது திரும்பப் பாவிக்கக்கூடாது, முனை முறிஞ்சு எஞ்சினுக்குள்ள போகும். புதுசுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தை சாமான் கடையளில கேளுங்கோ. எஸ்யூ சாமான் இப்பவும் இங்கிலாந்தில, சாலிஸ்பரியில செய்யினம், ஆனா அங்கயிருந்து ஞாயிறுக்கு முதல் வராது.

வலிகாமம்_றைடர்:
மொறிஸ் மைனர் 1098க்கும் எச்எஸ்2தான். பழசொண்டு கிடைச்சா வாங்கி வையுங்கோ.

நல்லூர்_பழையகார்:
அது ஒற்றை. இரட்டைக்குரிய இணைப்புத் தண்டு அதில இருக்காது.

கோண்டாவில்_மகன்:
தகடுதான்! முன் கார்புரேற்றரில கீற்று நல்லாத் தெரிஞ்சது. இப்ப நிமிசத்துக்கு 900 சுத்தில நிக்குது. நன்றி அண்ணை. ஸ்குறூ பழசைத்தான் போட்டனான்.

மானிப்பாய்7:
அந்தப் பழசோட ஊர்வலத்துக்குப் போகாதேங்கோ தம்பி. கொழும்பு பஸ்ஸில ஆரிட்டயாவது சொல்லி விடுங்கோ, வெள்ளி பின்னேரத்துக்குள்ள வந்திடும். ஸ்குறூ கிடைச்சதெண்டால் எழுதுங்கோ.