தேன் வியாபாரம்: லாபத்தை வீட்டுக்கு எடுப்பதா, கடையிலேயே விடுவதா?

தேன்பெட்டி (மார்த்தாண்டம்):
அப்பா தொடங்கிய தேன் வியாபாரம் எங்களுடையது. ரப்பர் தளிர்க்கும் தை முதல் பங்குனி வரை அருமனை, பத்துகாணி பக்கம் பெட்டி வைத்திருப்பவர்களிடம் கொள்முதல். வடிகட்டி, பாட்டிலில் அடைத்து, பாறசாலை, நெய்யாற்றின்கரை கடைகளுக்குப் போடுகிறோம். விற்பனை வருஷம் ஒரு கோடியைத் தொடும். மிச்சம் முழுக்க வீட்டுக்குத்தான்: பிள்ளைகள் படிப்பு, மாடி, கார்.

போன மாசம் திருவனந்தபுரத்து வியாபாரி ஒருவர் கடையை விலைக்குக் கேட்டார். மெஷின், சரக்கு, வேன் இதுக்கு மட்டும்தான் கணக்குப் போட்டார். அப்பா பேர்ல ஓடுற தேனுக்கு ஒரு ரூபாய் இல்லை. ரொம்ப வலிச்சுது. இனி அஞ்சு வருஷம் லாபத்தைத் தொடாம உள்ளேயே விட்டால் மதிப்பு ஏறுமா?

களியக்காவிளை கணக்கர்:
அண்ணே, பணத்தை உள்ளே விடுறதால மட்டும் ஏறாது. நீங்க விலகின பிறகும் என்ன நிற்கும்னுதான் வாங்குறவர் பார்ப்பார். பெட்டிக்காரங்க உங்களைத்தான் கூப்பிடுவாங்க. நெய்யாற்றின்கரைக் கடைக்காரருக்கும் உங்க நம்பர்தான் தெரியும். ரப்பர் தேன் நீர்த்து வரும், ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எந்தச் சரக்கை எடுக்கலாம், எதை வேண்டாம்னு சொல்லணும்கிறது உங்க கையில மட்டும் இருக்கு. இதெல்லாம் எழுத்துக்கு வரணும், இன்னொருத்தர் கைக்கும் வரணும்.

அடுத்தது கணக்கு. அனுமான வருமான முறையில், அதாவது முழுக் கணக்கு எழுதாம விற்பனையில் ஒரு சதவீதத்தை லாபம்னு வருமான வரிக்குக் காட்டுற முறையில், வங்கி வழி வரவுக்கு 6 சதவீதம் லாபம்னு காட்டுறீங்கன்னு நினைக்கிறேன். ஒரு கோடிக்கு 6 லட்சம். அது குறைந்தபட்சம்தான், கூட வந்தால் கூடக் காட்டணும்னுதான் சட்டம். காகிதத்தில் இல்லாத லாபத்துக்கு யாரும் விலை தரமாட்டாங்க.

மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு இருக்கு, ஆனா அது ஊர்ச் சொத்து. தேன் ஓடுற உங்க அப்பா பேர் தனி. அதை வணிகச் சின்னமாப் பதிஞ்சா 10 வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

விற்கிற எண்ணமே இல்லைன்னா இப்படியே நடத்துறதும் தப்பில்லை. அப்போ வருஷா வருஷம் ஒரு பங்கை நிலத்திலயோ சேமநிதியிலயோ போடுங்க. கடைசியில கடையை வித்து வாழலாம்னு மட்டும் நம்பி இருக்காதீங்க.

பாறசாலை சிப்ஸ்கடை அக்கா:
அஞ்சு வருஷம் வீட்டைப் பட்டினி போடாதீங்க தம்பி. எங்க ஊர்ல விலைக்குக் கேட்டு வர்றவங்க அபூர்வம், பிள்ளைங்க கைக்குத்தான் போகும். நாங்க ரெண்டு பேரும் மாசச் சம்பளம்னு ஒரு தொகை எடுக்கிறோம், அதுக்கு மேல தொடுறதில்லை. வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் நடந்தப்ப நான் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தேன். நேந்திரன் வாங்குற விலை, எண்ணெய் மாத்துற நாள் எல்லாம் நோட்டில் இருந்ததால மாஸ்டரே கடையை ஓட்டினார். நம்ம பிள்ளைங்களும் அப்படி ஓடுற கடையைத்தான் எடுப்பாங்க.

தேன்பெட்டி:
நன்றி அக்கா, நன்றி தம்பி. ஒரு பயம். பெட்டிக்காரங்க பட்டியலை எழுதி வெச்சா, வேலையாள் அதை எடுத்துட்டுத் தனியா ஆரம்பிச்சிடுவானே?

களியக்காவிளை கணக்கர்:
பட்டியலை எடுத்துட்டுப் போகலாம். ஆனா மழைக்காலத்தில் பூ இல்லாதப்ப ஈக்குச் சீனி வாங்க முன்பணம் தர்றது யாரு? நேர்மையா நிறுத்து, அன்னைக்கே காசு கொடுக்கிறது யாரு? அந்த முன்பணத்தைக் கடைக் கணக்கிலிருந்தே, கடைப் பேர் போட்ட சீட்டோட கொடுங்க. லாபத்தை உள்ளே விடணும்னா முதல்ல அங்கே விடுங்க. அப்பா பேர் பதிவாகியிருக்கா இல்லையான்னு நீங்க இன்னும் சொல்லலியே அண்ணே?