செய்தித்தாளில் முகம் எண்ண வைப்பது பாடமா?

சாக்பீஸ்:
திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஆறாம் வகுப்புக் குடிமையியலில் பன்முகத்தன்மை, பாரபட்சம் பற்றி வருகிறது. ஏழாம் வகுப்பில் 'ஊடகமும் ஜனநாயகமும்' பாடம். இரண்டையும் சேர்த்து ஒரு செயல்பாடு வைத்தேன். வீட்டிலும் டீக்கடையிலும் கிடைத்த பழைய பேப்பரைக் கொண்டுவரச் சொல்லி, குழு பிரித்து, ஒவ்வொரு படத்துக்கும் மூன்று கேள்வி கொடுத்தேன். படத்தில் இருப்பவர் யார்? என்ன செய்கிறார்? அவர் பேசியது செய்தியில் ஒரு வரியாவது இருக்கிறதா?

மூன்றாவது கேள்வியில்தான் சரக்கு இருந்தது. பெண் முகங்களுக்குப் பஞ்சமில்லை, ஆனால் பாதிக்கு மேல் நகைக்கடையும் பட்டுப்புடவையும். செய்திப் படங்களில் இருந்த பெண்கள் குடத்தோடு நிற்கிறார்கள், அழுகிறார்கள், மனு கொடுக்கிறார்கள். "மனு குடுத்த அம்மா என்ன சொன்னாங்கன்னு இல்ல சார், வாங்குன ஆபீசர் சொன்னதுதான் இருக்கு" என்று ஒரு பையன் எழுந்து சொன்னான். நான் எடுத்துக் கொடுத்ததில்லை.

அடுத்து டிவி. விளம்பரத்தில் துணி துவைப்பது யார், கடைசியில் பொருளின் பெருமையைச் சொல்லும் குரல் யாருடையது என்று வீட்டில் பார்த்து எழுதி வரச் சொல்லியிருக்கிறேன்.

ஸ்டாஃப் ரூமில் ஒரே கிண்டல். "சிலபஸை முடிங்க சார், பேப்பர் வெட்டுறதை டிராயிங் பீரியடுல பாத்துக்கலாம்" என்கிறார்கள். 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம் இதே எண்ணிக்கையைத்தான் எடுக்கிறது. செய்தியில் இடம்பெறுபவர்களில் பெண்கள் 1995-இல் 17 சதவீதம், 2020-இல் 25 சதவீதம். அவர்கள் செய்தால் ஆய்வு, ஏழாம் வகுப்பு செய்தால் விளையாட்டா? இங்கே இருப்பவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு_பெற்றோர்:
சார், உங்கள் ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் எண்ணுவதற்கும் புரிந்துகொள்வதற்கும் தூரம் அதிகம். 2021-இல் தமிழ்நாட்டில் பதவியேற்ற அமைச்சரவையில் 34 பேர், அதில் பெண்கள் 2 பேர். அந்தக் குழுப் படத்தைப் போட்டால் பேப்பர்காரன் என்ன செய்வான்? இல்லாத ஆளைக் கொண்டுவந்து நிறுத்த முடியுமா? நாட்டில் இருக்கும் கோளாறுக்குப் பேப்பரைக் குற்றவாளி ஆக்குவதைத்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்.

இன்னொன்று. பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் பேப்பரை எடுத்து உங்கள் பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். துள்ளிக் குதிக்கும் பெண் பிள்ளைகள், ஒருவரையொருவர் கட்டிப்பிடிக்கும் பெண் பிள்ளைகள், கேக் ஊட்டும் பெண் பிள்ளைகள். பையன்கள் பரீட்சையே எழுதாத மாதிரி இருக்கும். அன்றைக்கு யார் மேல் பாரபட்சம்?

என் மகள் எட்டாவது. அவள் பள்ளியிலும் இதே மாதிரி ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். இப்போது வீட்டில் ஒரு படம் நிம்மதியாகப் பார்க்க முடிவதில்லை, "இந்த அக்கா பேசவே இல்லை பாத்தியாம்மா" என்று கணக்கு வைக்கிறாள்.

புளியந்தோப்பு:
@ஒரு_பெற்றோர் அக்கா, உங்க பொண்ணு சரியான லைனில்தான் போகிறாள். கதையே புரியாமல் பார்ப்பவளுக்கு அந்த அக்கா பேசவில்லை என்பது கண்ணில் படுமா?

நீலமை:
பத்திரிகையில் பல வருடம் உதவி ஆசிரியராக இருந்தவள் நான். ரிசல்ட் படத்தின் கதையைச் சொல்கிறேன். ரிசல்ட் காலையில் வரும். மாவட்டப் பதிப்புக்கும் இணையத்துக்கும் உடனே படம் வேண்டும். போட்டோகிராபர் ஆபீசுக்குப் பக்கத்தில், ஏற்கெனவே பழக்கமான பள்ளிக்குப் போவார். அனேகமாக அது ஒரு பெண்கள் பள்ளியாக இருக்கும். தலைமை ஆசிரியர் முதல் நாளே போன் பண்ணி, பிள்ளைகளை வரச்சொல்லி, இனிப்பு வாங்கி வைத்திருப்பார். பையன்கள் மொபைலில் மார்க்கைப் பார்த்துவிட்டு கிரவுண்டுக்குப் போயிருப்பார்கள். போட்டோகிராபர் "குதிங்கம்மா" என்பார், குதிப்பார்கள். படம் வந்துவிட்டது, பக்கம் முடிந்துவிட்டது.

யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்வதில்லை. ஆனால் ஆண்டுதோறும் அதே படம். கிராமத்து அரசுப் பள்ளியில் அன்று யார் குதித்தார்கள் என்று நமக்குத் தெரியாமலே போகிறது. ஆகவே ஆண், பெண் எண்ணிக்கையோடு அந்தப் படத்தை விட்டுவிடக் கூடாது. எந்த ஊர், எந்த மாதிரிப் பள்ளி, ஆபீசிலிருந்து எவ்வளவு தூரம் என்று சாக்பீஸ் சார் கேட்க வைக்க வேண்டும்.

செய்தியும் அப்படித்தான். ராத்திரி எட்டு மணிக்குக் கருத்து வேண்டுமென்றால் நிருபர் யாருக்குப் போன் போடுவார்? போனில் யார் நம்பர் இருக்கிறதோ அவருக்கு. அந்த நம்பர்கள் எந்தெந்தத் தெருவில் இருக்கின்றன என்பது அந்த நிருபர் எங்கே வளர்ந்தார் என்பதைப் பொறுத்தது. 1996-இல் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர் டெல்லியில் ஒரு தலித் நிருபரைத் தேடிப் பார்த்து, கிடைக்கவில்லை என்று 'பயனியர்' நாளிதழில் எழுதினார். 2019-இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியா தொண்டு நிறுவனமும் நியூஸ்லாண்ட்ரி செய்தித் தளமும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டன. ஆய்வில் எடுத்த ஊடகங்களில் 121 தலைமைப் பொறுப்புகள். 106-இல் உயர்சாதியினர். தலித், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. பக்கத்தில் வரும் முகத்தை மட்டும் எண்ணினால் பக்கத்தைப் போடும் முகம் தப்பித்துவிடும்.

தாமிரபரணிக்காரன்:
மேடம் சொல்வது எல்லாம் உண்மைதான். ஆனால் அதைத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு எட்டாம் வகுப்பில் வந்து சொல்லிப் பாருங்கள்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு தலித் மாணவனைக் கூடப் படிக்கும் பையன்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் அறிக்கை கொடுத்தது. கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றியில் சாதி காட்டும் பொட்டு எதுவும் பள்ளிக்குள் கூடாது என்று பரிந்துரை. அந்தக் கயிற்றை அவிழ்க்க வைக்கவே எங்களுக்குப் பாதி நாள் போகிறது. ஒருத்தன் அவிழ்த்துப் பையில் போடுவான், மதியம் திரும்பக் கட்டுவான்.

அந்த வகுப்பில் போய் "பேப்பரில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை" என்று கேட்கச் சொல்கிறீர்கள். ஆண், பெண் என்றால் முகத்தைப் பார்த்தே எண்ணலாம். சாதியை எப்படி எண்ணுவான்? விசாரிப்பான். இந்த அமைச்சர் யார், அந்த நடிகர் நம்மாளா என்று வீட்டில் போய்க் கேட்பான். வீட்டில் சந்தோஷமாகச் சொல்லியும் கொடுப்பார்கள். நாங்கள் எதை மறக்க வைக்கப் பாடுபடுகிறோமோ அதையே ஹோம்வொர்க்காகக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அப்புறம், வாத்தியாரும் ஏதோ ஒரு சாதியில் பிறந்தவர்தான். அவர் வாயிலிருந்து வந்தால் அது பாடமாக நிற்காது, ஊர்ப் பேச்சாகிவிடும்.

சாக்பீஸ்:
அண்ணே, நான் சாதியை எண்ணச் சொல்லவே இல்லை. சொல்லவும் மாட்டேன். அந்த இடத்துக்கு வேறு ஒரு செயல்பாடு வைத்திருக்கிறேன். ஒரு குற்றச் செய்தியைக் கையில் கொடுத்து, ஒரு கறுப்பு மார்க்கரும் கொடுப்பேன். எந்த விவரத்தை அடித்துவிட்டாலும் செய்தி செய்தியாகவே நிற்குமோ, அதை அடிக்க வேண்டும்.

'வடமாநில வாலிபர் கைது' என்று ஒரு தலைப்பு. 'வடமாநில' என்பதை ஒரு குழு அடித்தது, இன்னொரு குழு அடிக்கக் கூடாது என்றது. அடிக்கக் கூடாது என்ற குழுவிடம், அதே பக்கத்தில் கைதான உள்ளூர் ஆளுக்கு ஏன் 'உள்ளூர் வாலிபர்' என்று போடவில்லை என்று கேட்டேன். ஒரு பெண் பிள்ளை, "உள்ளூர்னா யாருன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால போடல" என்றாள். "அப்போ இவரை யாருக்குத் தெரியும்?" என்று எதிர்க் குழுவில் ஒருத்தி கேட்டாள். பீரியட் முடிந்து மணி அடித்தும் சண்டை ஓயவில்லை.

2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவி, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அப்போது தமிழர்கள் மேல் ஒட்டிய முத்திரை நமக்கு எரிந்தது அல்லவா? அந்த எரிச்சலையும் இந்தத் தலைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினால் பதிமூன்று வயதுக்குப் புரிகிறது. இதில் யாருடைய கயிறும் வரவில்லை.

புளியந்தோப்பு:
எங்க ஏரியாவைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்கிறேன். வடசென்னை என்றால் சினிமாவில் கத்தி, கஞ்சா, கானா. நான் கம்பெனி இன்டர்வியூவில் அட்ரஸ் சொன்னபோது அந்த எச்.ஆர். முகம் மாறியதைப் பார்த்திருக்கிறேன். எங்க பக்கம் தெருவுக்குத் தெரு கேரம் போர்டு இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 2024 நவம்பரில் புதுவண்ணாரப்பேட்டை காசிமா அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தது. செய்தி வந்தது, பாராட்டு வந்தது, எல்லாம் சரி. தலைப்பு? 'ஆட்டோ ஓட்டுநர் மகள்'. டாக்டர் மகன் ஜெயித்தால் 'டாக்டர் மகன் சாதனை' என்றா போடுகிறார்கள்?

ஒரு_பெற்றோர்:
தம்பி, இதில் நான் முழுக்க மாறுபடுகிறேன். அந்தத் தலைப்பைப் படித்துத்தான் இன்னொரு ஆட்டோக்காரர் தன் மகளைக் கேரம் கோச்சிங்குக்கு அனுப்புவார். அப்பாவின் உழைப்பைச் சொல்வது எப்படி இழிவாகும்? அதை அடித்துவிட்டால் அந்த மனிதர் செய்தியிலிருந்தே காணாமல் போய்விடுவார். பாரபட்சத்தைத் தேடுகிறோம் என்று கிளம்பி நல்லதையும் சேர்த்து அடிக்கிறீர்கள். உங்கள் மார்க்கர் பயிற்சியில் எனக்கு இருக்கும் பயமே இதுதான்.

நீலமை:
இருவருக்கும் நடுவில் ஒரு விஷயம் இருக்கிறது. தலைப்பை விடுங்கள், உள்ளே படியுங்கள். இந்த மாதிரிச் செய்திகள் என் மேஜைக்கு எத்தனையோ வந்திருக்கின்றன. அப்பாவின் தொழில், வாடகை வீடு, அம்மாவின் கண்ணீர் என்று நாலு பத்தி இருக்கும். ஆட்டம் ஒரு வரி. இறுதிச் சுற்றில் எதிரில் யார், எத்தனை போர்டு போனது, எங்கே திருப்பினாள், ஒன்றும் இருக்காது. நிருபரைக் கூப்பிட்டுக் கேட்டால் "அதை யார் மேடம் படிப்பாங்க" என்பார். கிரிக்கெட்டுக்கு மட்டும் பந்துக்குப் பந்து படிக்கிறார்களே என்று கேட்டால் பதில் வராது. அப்பாவை அடிக்கச் சொல்ல மாட்டேன். ஆட்டத்தை எழுதச் சொல்வேன். வகுப்பில் கேட்க வேண்டியதும் அதுதான்: இந்தப் பெண் எப்படி ஜெயித்தாள் என்று இதைப் படித்தால் தெரிகிறதா?

புளியந்தோப்பு:
மேடம், சூப்பர். அக்கா, உங்கள் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் நான் விடமாட்டேன்.

இன்னொன்று சொல்கிறேன். எங்க தெருவில் சாயங்கால டியூஷன் நடத்துகிறோம். பிள்ளைகளை விட்டே சுவர்ப் பத்திரிகை போட வைத்தோம். முதல் இதழில் முக்கால்வாசி பையன்களின் கிரிக்கெட் மேட்ச். தண்ணி லாரி வராதது ஒரு மூலையில். கேரம் ஆடும் பெண் பிள்ளைகள் இல்லவே இல்லை. அந்தப் பெண் பிள்ளைகளில் இரண்டு பேர் ஆசிரியர் குழுவிலேயே இருந்தார்கள்! ஏன் உங்களைப் பற்றி எழுதவில்லை என்றால், "அது நியூஸா அண்ணா?" என்கிறார்கள். இதை யார் சொல்லிக் கொடுத்தது? அடுத்த இதழில் எது செய்தி என்று அவர்களுக்குள்ளேயே ஒரு மணி நேரம் சண்டை. பேப்பரை வெட்டுவதைவிட ஒரு பேப்பர் போட வைப்பது நல்லது என்பது என் கட்சி.

தாமிரபரணிக்காரன்:
சுவர்ப் பத்திரிகை நல்ல யோசனை. எங்கள் பள்ளியில் சுவர்தான் பிரச்சினை, எந்த வண்ணத்தில் பார்டர் போட்டாலும் ஒருத்தனுக்குப் பிடிக்காது.

சாக்பீஸ் தம்பிக்கு இன்னொரு கேள்வி. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். வாத்தியார் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறார் என்று பத்து நிமிடத்தில் பிடித்துவிடுவார்கள். அப்புறம் எந்தப் படத்தைக் காட்டினாலும் "பாரபட்சம் சார்" என்று கோரஸ் வரும். வாழ்த்துப்பாடல் மாதிரி. அந்தக் கோரஸுக்கு மதிப்பெண்ணும் போட்டால் அவன் எதையும் யோசிக்காமலே பாஸ். எட்டாவதில் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைப் பரீட்சைக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும், மாணவர் விவரம் ஏற்றும் எமிஸ் தளத்தில் பதிவு போட வேண்டும். இதற்கிடையில் கோரஸ் பாட வைக்க எனக்கு நேரமில்லை.

சாக்பீஸ்:
அண்ணே, இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. கோரஸ் வருவது உண்மை. சிகப்பழகு க்ரீம் விளம்பரம் காட்டும்போது அப்படித்தான் ஆனது. கறுப்பாக இருப்பவரைத் துயரமாகவோ தோற்றவராகவோ காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2014-இலேயே விதி கொண்டுவந்தது. 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. இரண்டையும் சொன்னதும் வகுப்பே "தப்பு சார்" என்றது. ஆனால் அதே வகுப்பில் ஒரு பையனுக்குப் பட்டப்பெயர் 'கரிக்கட்டை'. அந்தப் பெயரை அன்றைக்கு மதியமும் கூப்பிட்டார்கள்.

அதனால்தான் மதிப்பெண் போடுவதில்லை. இனி ஒரு குழுவுக்கு எதிர்க்கட்சி வேலை கொடுக்கப் போகிறேன். அந்தப் படத்தைப் போட்ட பத்திரிகை ஆசிரியராக உட்கார்ந்து, ஏன் போட்டேன் என்று வாதாட வேண்டும். நீலமை மேடம் சொன்ன ரிசல்ட் படம்தான் முதல் வழக்கு. கேரளாவில் கண்ணூர் மாவட்டத்தில் சில ஆண்டுகளுக்கு முன் 150 அரசுப் பள்ளிகளில் போலிச் செய்தியைக் கண்டுபிடிக்க வகுப்பு நடத்தினார்கள். அங்கே கலெக்டரே முன்னால் நின்றார். இங்கே எனக்கு ஹெச்.எம். தலையாட்டினால் போதும்.

ஒரு_பெற்றோர்:
பத்திரிகை ஆசிரியராக வாதாடும் குழு நல்ல யோசனை. அதில் மனம் இருந்து சேரும் பிள்ளைகளைப் போடுங்கள், தண்டனை மாதிரி போடாதீர்கள். சுவர்ப் பத்திரிகையையும் என் மகள் பள்ளியில் கேட்டுப் பார்க்கிறேன். 'ஆட்டோ ஓட்டுநர் மகள்' விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

தாமிரபரணிக்காரன்:
மார்க்கர் வேலையை வேண்டுமானால் செய்து பார்க்கிறேன், அதுவும் வெளி மாவட்டச் செய்தியாகப் பார்த்து எடுத்து. முகம் எண்ணுவது என் வகுப்பில் கிடையாது. அந்த மூன்று கேள்வித் தாளை மட்டும் இங்கே போடுங்கள் தம்பி, மூன்றாவது கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது.