புதுப்பிப்பு: கருத்தரிக்க இருமல் மருந்து குடிக்கலாமா என்று கேட்டிருந்தேன்

நெஞ்சுச் சளியை இளக்கும் குவைஃபெனிசின், கருப்பை வாய்ச் சளியையும் இளக்கிக் கருத்தரிக்க உதவுமா என்று சென்ற ஆண்டு இங்கே கேட்டிருந்தேன். பொறுமையாகப் பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

நடந்தது இதுதான். உங்கள் பதில்கள் வருவதற்குள் சத்துவாச்சாரி மருந்துக்கடையில் ஒரு பாட்டில் வாங்கி மூன்று நாள் குடித்துவிட்டேன். கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. லேபிளைப் படியுங்கள் என்று ஒரு தோழி எழுதிய பிறகுதான் பார்த்தேன்: குவைஃபெனிசினுடன், மூச்சுக்குழாயை விரிக்கும் டெர்பியூட்டலினும் சளியை இளக்கும் ப்ரோம்ஹெக்சினும் இருந்தன. படபடப்புக்குக் காரணம் டெர்பியூட்டலின். நம் கடைகளில் கிடைக்கும் இருமல் மருந்துகளில் பல இப்படிக் கலவையாகத்தான் வருகின்றன. சிலவற்றில் சளியை உலரவைக்கும் ஒவ்வாமை மருந்தும் இருக்கும். நாம் நினைப்பதற்கு நேர் எதிர். அன்றே நிறுத்திவிட்டேன்.

பலன் தந்தது ஆம்பூர் அக்கா சொன்ன யோசனை: "மருந்தை விடும்மா, இருவரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்." என் கணவரின் விந்தணுப் பரிசோதனையில் குறையில்லை. எனக்குத்தான் தைராய்டு சுரப்பு குறைவு; தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோன் 7.8 (தைராய்டு சுரப்பு குறைந்தால் இது கூடும்). அதை நான் சற்றும் எதிர்பார்க்கவில்லை. குவைஃபெனிசினைப் பற்றி மருத்துவரிடம் கேட்டேன். 1982இல் வெளிவந்த சிறிய ஆய்வு ஒன்று உண்டு, அதை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார்.

தைராய்டு குறையை ஈடுசெய்யும் தைராக்ஸின் மாத்திரை தொடங்கிய ஐந்தாம் மாதம் கரு தங்கியது. இப்போது பதினோராவது வாரம். கர்ப்பத்தில் தேவை கூடும் என்பதால் மாத்திரையின் அளவை உயர்த்தியிருக்கிறார்கள்.