ஆட்டு இதயத்தில் ஈரிதழ் வால்வு மூடுவதைக் காட்டுவது எப்படி?

பிளஸ் ஒன் மாணவர்களுக்கு இதய வால்வு எப்படி மூடுகிறது என்று ஆட்டு இதயத்தில் காட்ட வேண்டும். இடம் வலம் கண்டுபிடிப்பது எளிது: இடது வெண்ட்ரிக்கிள் (கீழறை) சுவர்தான் தடிமன், விரலால் அழுத்தினாலே தெரியும். பெருந்தமனியை 2 செ.மீ. விட்டு வெட்டி மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் அதன் வாயில் உள்ள அரைச்சந்திர வால்வும் அழகாக மூடிக்கொள்கிறது. (மெதுவாக வடிந்தால் பயப்படாதீர்கள், இதயத் தசைக்கு ரத்தம் தரும் கரோனரி தமனி வழியாகவும் போகும்.)

சிக்கல் இடது ஆரிக்கிளுக்கும் (மேலறை) வெண்ட்ரிக்கிளுக்கும் நடுவில் உள்ள ஈரிதழ் வால்வில். பெருந்தமனியைக் கிளிப்பால் அடைத்து, இதய நுனி வழியாக 50 மி.லி. சிரிஞ்சில் தண்ணீர் ஏற்றினால்தான் இதழ்கள் மேலெழும்பி மூடும். ஆனால் கறிக்கடையில் ரத்தம் கழுவ வெண்ட்ரிக்கிளைக் கீறிவிடுகிறார்கள், அழுத்தம் நிற்பதில்லை. ஆரிக்கிளும் பாதி போய்விடுகிறது.

கீறலைத் தைத்தோ ஒட்டியோ பார்த்தவர்கள் உண்டா? எந்த நூல், எவ்வளவு நெருக்கத் தையல்? கீறாத இதயம் வேண்டுமென்றால் கடையில் எப்படிச் சொல்லி வாங்குகிறீர்கள்?