மறு: கடல்நீர்த் தொட்டிக் கலைச்சொற்கள் – 'டாப் ஆஃப்' என்பதற்கு 'வற்றீடு'

அன்புள்ள நண்பர்களுக்கு,

நாம் தொகுத்துவரும் கடல்நீர்த் தொட்டிக் கலைச்சொல் பட்டியலில், நீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்ற அளவுக்கு உவர்மையா உவர்த்தன்மையா என்ற பேச்சு ஓரளவு அடங்கியிருக்கிறது. இலங்கை நண்பர் சொன்ன உவர்த்தன்மை யாருக்கும் புரியும். எண்ணோடு சேர்த்துச் சொல்லும்போது வாயில் சுருக்கமாக வருவதால் நான் உவர்மை என்றே எழுதுகிறேன். உவர்ப்பு மட்டும் வேண்டாம். அது அறுசுவையில் ஒன்றாக நாக்குக்குப் போய்விட்ட சொல்.

ஆனால் பட்டியலில் ஒரே வரியில் கடந்துபோன 'டாப் ஆஃப்' (தொட்டியில் வற்றிக் குறைந்த அளவுக்கு நன்னீர் விடுவது) என்ற சொல்லுக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன். அதற்குத் தமிழில் பெயர் இல்லாததால் என் தொட்டியில் உயிர்கள் போயிருக்கின்றன.

போன மே மாதம் 10 நாள் வெளியூர் போகவேண்டியிருந்தது. தொட்டியில் 100 லிட்டர் தண்ணீர். வெயில் காலத்தில் சூட்டைக் குறைக்க நீர்மட்டத்துக்கு மேலே சின்ன மின்விசிறி ஓடும். அதனால் நாளுக்கு 2 லிட்டர் வற்றும். அக்கா மகனிடம், "தண்ணி குறைஞ்சா டிரம்முல இருந்து கோடு வரைக்கும் ஊத்திடுடா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு டிரம்கள். ஒன்றில் ஆர்.ஓ. தண்ணீர், அதாவது உப்பும் தாதுக்களும் வடிகட்டி நீக்கிய நன்னீர். மற்றதில், மாதாமாதம் தண்ணீர் மாற்றுவதற்காக உப்புக் கலந்து வைத்த நீர். கடல் மீனுக்குக் கடல் தண்ணீர் என்று அவன் நினைத்தது இயல்பு. ஒரு நாள் தவறாமல் உப்புநீரை ஊற்றியிருக்கிறான்.

கணக்கைப் பாருங்கள். லிட்டருக்கு 35 கிராம் வீதம் தொட்டியில் ஏற்கெனவே 3,500 கிராம் உப்பு. 10 நாளில் ஊற்றிய 20 லிட்டரோடு இன்னும் 700 கிராம் உள்ளே போயிற்று. நீர்மட்டம் கோட்டிலேயே நிற்கிறது. உவர்மை 42 ஆகிவிட்டது. ஒப்படர்த்தியில் (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) சொன்னால் 1.026 இருக்கவேண்டிய இடத்தில் 1.032-ஐ ஒட்டி. நான் வந்து பார்த்தபோது கோமாளி மீன்கள் இரண்டும் மூலையில் ஒதுங்கி வேகவேகமாகச் செவுளை அடித்துக்கொண்டிருந்தன. இறால்கள் இரண்டும் செத்திருந்தன. மெத்தென்ற பவளம் சுருங்கிக் கல்லோடு ஒட்டிக் கிடந்தது.

தூத்துக்குடி உப்பளத்தில் செய்வதும் இதைத்தானே! பாத்தியில் நீரைக் கட்டி, வெயிலில் வற்றவிட்டு, குறையக் குறைய மேலும் விட்டு, உப்பு விளையும்வரை கொண்டுபோவார்கள். அங்கே அது விளைச்சல். இங்கே உள்ளே உயிர் இருக்கிறது.

அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். 'தண்ணீர் ஊற்று' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு வேலைகளை நான் திணித்திருந்தேன். பழைய நீரை எடுத்துவிட்டுப் புதிய உப்புநீர் விடுவது ஒரு வேலை. அதற்கு நீர்மாற்று என்று பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது. வற்றிப்போனதற்கு ஈடாக நன்னீர் விடுவது இன்னொரு வேலை. அதற்குத்தான் பெயர் இல்லை.

முன்மொழியப்பட்ட சொற்களுக்கு வருகிறேன்.

> நிரப்புநீர் என்று எளிமையாக வைத்துக்கொள்ளலாமே?

எளிமைதான். ஆனால் எதை நிரப்புவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அக்கா மகன் செய்ததும் நிரப்பியதுதான்.

> ஈடுநீர்?

இதன்மேல் எனக்கு ஆசை உண்டு. ஆனால் ஈடு என்று தனியே கேட்டால் ஒருவருக்கு அடகு நினைவுக்கு வரும், ஒருவருக்கு இட்லி, வைணவருக்கு நம்பிள்ளையின் உரை. அதைவிடப் பெரிய குறை, எதற்கு ஈடு என்பது சொல்லில் இல்லை. தொட்டியில் ஒழுக்கு ஏற்பட்டுத் தண்ணீர் குறைந்தாலும் ஈடு செய்யவேண்டும். ஆனால் ஒழுகும்போது உப்பும் சேர்ந்தே போகிறது. அங்கே உப்புநீர்தான் விடவேண்டும்.

அதனால் என் பரிந்துரை: வற்றீடு.

வற்று + ஈடு. இழப்புக்கு ஈடு இழப்பீடு ஆனதுபோல, வற்றியதற்கு ஈடு வற்றீடு. காரணம் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. வற்றுவது தண்ணீர் மட்டுமே, உப்பு வற்றாது. இதை நம் வீட்டு அடுப்படிக்கு யாரும் கற்றுக்கொடுக்கவேண்டியதில்லை. குழம்பு அதிகம் வற்றி உப்புக் கரித்தால் அம்மா என்ன செய்வார்? ஒரு கரண்டி வெந்நீர் விடுவார். உப்புக் கரைசலைக் கொண்டுவந்து ஊற்றமாட்டார். 'வற்றீடு' என்று சொல்லியிருந்தால், எந்த டிரம் என்று அந்தப் பிள்ளை ஒரு நிமிடமாவது யோசித்திருப்பான் என்று உறுதியாக நம்புகிறேன்.

> வற்றுதல் என்றால் முழுக்கக் காய்ந்துபோவது அல்லவா? ஏரி வற்றியது என்கிறோமே?

ஏரிக்கு அப்படித்தான். ஆனால் "குழம்பு பாதி வத்தட்டும்" என்றும் அன்றாடம் சொல்கிறோம். குறைந்துகொண்டே வருவதும் வற்றுதல்தான். ஆவியீடு என்று ஒரு நண்பர் மாற்று சொன்னார். பாடநூல் வாடை அடிக்கிறது, தொட்டிக்கு முன்னால் நின்று யாரும் சொல்லமாட்டார்கள்.

வற்றீட்டுக்கு ஆர்.ஓ. நீரையே ஏன் வற்புறுத்துகிறோம் என்பதும் இந்தச் சொல்லாலேயே விளங்கும். ஆழ்துளைக் கிணற்று நீரை விட்டால் அதிலுள்ள தாதுக்களும் வற்றாமல் தங்கி, நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும்.

அளவுக்கருவி பற்றி ஒரு திருத்தம். கையடக்க ஒளிவிலகல்மானிக்கு உவர்மானி என்று பட்டியலில் போட்டிருக்கிறது. தயவுசெய்து மாற்றுங்கள். அது உவர்மையை நேராக அளப்பதில்லை. மூடியைத் தூக்கி, கண்ணாடிப் பட்டகத்தின்மேல் இரண்டு சொட்டு விட்டு, குமிழி இல்லாமல் மூடி, அரை நிமிடம் பொறுத்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு தெரியும். அது ஒளி எவ்வளவு விலகியது என்பதன் கோடு. கடைகளில் கிடைப்பவற்றில் பல, சாதாரண உப்புக் கரைசலுக்கு அளவு குறித்தவை. உண்மையில் 35 இருக்கும் கடல்நீரை 36.5 என்று காட்டும். வெறும் ஆர்.ஓ. நீரால் சுழியத்தைச் சரிசெய்தால் இந்தப் பிழை அகலாது. 35 என்று உறுதிசெய்யப்பட்ட ஒப்பீட்டுக் கரைசலால்தான் சரிசெய்யவேண்டும். உவர்மானி என்று பெயர் வைத்தால் அதன் சொல்லை அப்படியே நம்பிவிடுவோம். இலங்கையில் முறிவுமானி என்றாலும் எனக்குச் சம்மதமே. ஒளிக்கு என்ன நேர்கிறது என்பதை அந்தப் பெயரும் மறைக்கவில்லை.

வற்றீடு ஒழுங்காக நடந்தாலும் வாரம் ஒருமுறை அளந்தே ஆகவேண்டும். தொட்டி விளிம்பில் உப்புப் பூக்கிறது. அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் நுரை பிரிப்பானின் கோப்பையைக் கொட்டும்போது உப்புநீர் வெளியேறுகிறது. மெல்ல மெல்ல உவர்மை கீழே இறங்கும்.

என் தொட்டி எப்படி மீண்டது என்று தனிமடலில் கேட்டவருக்கு: நாளுக்கு 2 லிட்டர் தொட்டி நீரை எடுத்துவிட்டு 2 லிட்டர் ஆர்.ஓ. நீர் விட்டேன். அன்றன்றைய வற்றீடு தனி. ஒரே நாளில் இறக்கினால் பவளம் தாங்காது என்று அஞ்சினேன். 9 நாளில் 42-இலிருந்து 35-க்கு வந்தது. மீன்கள் பிழைத்தன. பவளம் மறுபடி விரிய மூன்று வாரம் ஆயிற்று.

சந்தி பற்றிக் கேட்ட நண்பருக்கு: இழப்பீட்டுத் தொகை என்பதுபோல வற்றீட்டு நீர், வற்றீட்டு டிரம். மிதவை வைத்துத் தானே நீர் விடும் அமைப்புக்குத் தானியங்கி வற்றீடு. 'வற்றீடு நீர்' என்று எழுதவேண்டாம். என் ஆர்.ஓ. டிரம்மில் 'வற்றீடு' என்றும் உப்புநீர் டிரம்மில் 'நீர்மாற்று' என்றும் எழுதி ஒட்டியிருக்கிறேன். மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள். இல்லையென்றால் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்